தள்ளுவண்டி மெம்பர்

புளியங்கொல்லைச் சின்னராசுவின் மோட்டார் சைக்கிள் எந்தக் கம்பெனி வண்டி என்று யாரும் அவனிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அரை மணி நேரம் போய்விடும். இன்ஜின் ஒரு கம்பெனி, டேங்க் இன்னொரு கம்பெனி, முன்சக்கரம் மூன்றாவது கம்பெனி. பின்சக்கரம் காருக்குப் போயிருக்க வேண்டியது, வழி தவறி இங்கே வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் ஃபோர்க் இரண்டும் ஒன்றரை முழம் நீண்டு, சக்கரத்தை எங்கேயோ தூரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். ஹேண்டில் பார் தலைக்கு மேலே போகும். சின்னராசுவோ ஐந்தடி இரண்டு அங்குலம். அவன் அந்த வண்டியில் வருவதைப் பார்த்தால், யாரோ துப்பாக்கியைக் காட்டிக் கையைத் தூக்கச் சொன்னதுபோல் இருக்கும். டேங்கின் மேல் ஒரு சிங்கம் வரைந்திருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் பிடரி உரிந்து அது பூனையாகிவிட்டது.

"ஒலகத்துலயே இந்த மாதிரி இது ஒண்ணுதான்" என்பான் சின்னராசு.

"நல்ல வேள" என்பாள் அவன் மனைவி தேவி.

சின்னராசு சோம்பேறி இல்லை, குடிகாரனும் இல்லை. ஜவ்வாது மலை மேலே இரண்டு ஏக்கர் சாமைக் கொல்லை, பதினோரு புளியமரம், நாலு பலா. நல்ல மனுஷன். ஆனால் வாணியம்பாடியில் தோல் கம்பெனி ஒன்றுக்கு இரண்டு வருஷம் வேலைக்குப் போனான் பாருங்கள், அங்கேதான் வினை வந்தது. அங்கே தானிஷ் என்று ஒரு பையன். வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டிகளை வெட்டி ஒட்டிப் புது மாதிரி செய்து, அதன்மேல் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடி போட்டு வீடியோ எடுத்து போனில் போடுவான். வீடியோ எடுத்து முடிந்த பிறகு அந்த வண்டியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சின்னராசு தலையை நீட்டினான்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். மலையில் பிறந்தவனுக்கு நேரான ரோட்டைக் கண்டால் தலைகால் புரியாது. போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைப் புடைக்க வைத்தது. திரும்பி வர வேண்டும் என்று வந்தபோது மட்டும் வண்டி திரும்ப மறுத்தது. கீழே இறங்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி இழுத்துத்தான் திருப்பினான். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? ஆசைப்பட்டவனுக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

"அண்ணா, இது சும்மா போய் வர்ற வண்டி இல்ல. இதுக்கு ஒரு ஃபீலிங் வேணும்" என்றான் தானிஷ். அந்த வருஷத்துப் புளியெல்லாம் மரத்தில் இருக்கும்போதே கைமாறிப் போனது. வண்டி மலைக்கு வந்தது.

வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஒடுகத்தூரிலிருந்து புளியங்கொல்லைக்கு ஏறும் சாலையில் ஏழு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றிலும் அந்த வண்டி திரும்பாது. ஒவ்வொரு வளைவிலும் சின்னராசு இறங்குவான், பின்னால் இழுப்பான், முன்னால் தள்ளுவான், மேலே வரும் ஜீப்பும் கீழே இறங்கும் ஜீப்பும் ஹாரன் அடிக்கும். அது போதாது என்று ரிப்பேர் வேறு. ஏற்றத்தில் செயின் கழன்றுவிடும். இறக்கத்தில் சைலன்சர் தரையில் உரசித் தனியாகப் போய்விடும். கிளட்ச் ஒயர் மாதத்துக்கு ஒன்று அறும். பெட்ரோல் டேங்கில் துரு இறங்கிக் கார்புரேட்டரை அடைக்கும். அடைப்பை எடுத்தால் பிளக் நனையும். பிளக்கைத் துடைத்து மாட்டினால் கிக்கர் காலோடு வந்துவிடும். முதல் வருஷத்தில் அவன் வண்டியின் மேல் போன தூரத்தைவிட, வண்டி பிரகாஷின் ஷேர் ஜீப் தலையில் போன தூரம் அதிகம்.

பிரகாஷ் யாரென்றால், அந்த ரோட்டில் ஓடும் ஷேர் ஜீப்புக்குச் சொந்தக்காரன். இரண்டு தடவை வார்டு மெம்பர் வேறு. வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாது. வண்டியை ஜீப்பின் மேல் ஏற்றிக் கட்டும்போதெல்லாம், "இன்னா ராசு, இன்னிக்கும் மேல் பர்த்துதானா?" என்று உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்பான். ஜீப்பே சிரிக்கும். தள்ளுவண்டி என்று சின்னராசுவுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான்.

கீழே ஒடுகத்தூரில் ரிப்பேர் பார்ப்பது சத்தார் பாய். தானிஷுக்குத் தாய்மாமன். தங்கை மகன் செய்த பாவத்தைத் தான் கழிப்பதாக நினைத்து முதலில் பொறுமையாகத்தான் பார்த்தார். ஆனால் ஒரு வருஷத்தில் அவருக்கே அலுத்துவிட்டது.

"ராசு, இந்த வண்டிக்கு ரிப்பேர்னு ஒண்ணு கெடையாதுபா. ரிப்பேருதான் இந்த வண்டி" என்றார்.

"வித்துடலாமா பாய்?"

"யாருக்கு விப்ப? உன்ன மாதிரி இன்னொருத்தன் வாணியம்பாடிக்கு வேலைக்குப் போவணும்."

ஒரு சித்திரை மாதம் நடுப்பகல், ஐந்தாவது வளைவில், இரண்டு மூட்டை சாமையோடு வண்டி நின்றபோது சின்னராசு அழுதேவிட்டான். ஆம்பளை, முப்பத்தைந்து வயசு, ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்து, "உனுக்கு நான் இன்னா கொற வெச்சேன்? எங்க வூட்டு மாட்டுக்குக்கூட இவ்ளோ பண்ணல" என்று கேட்டான். பிறகு ஒரு உதை உதைத்தான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து தேவி, "அந்தச் சனியன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நல்லா ரோசன பண்ணிக்கோ மாமா" என்றாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இத்தனை அவமானத்திலும் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது, அது அவனுக்கே தெரியாது.

அந்த மலைச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் வண்டி ரிப்பேராகி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரர்கள் அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வளைவுக்கு வளைவு ஓரிரண்டு வீடுகள். சின்னராசுவின் வண்டியோ எந்த வீட்டுக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. முதல் வளைவிலிருந்து ஏழாம் வளைவு வரை அவன் தண்ணீர் குடிக்காத வீடு இல்லை, உட்காராத முக்காலி இல்லை. அவனிடம் "இன்னா ஆச்சு" என்று கேட்பார்கள். அவன் கார்புரேட்டர் கதையைச் சொல்வான். சொல்லி முடித்ததும் அவன் கேட்பான், "நீங்க எப்டி கீறீங்க?" அவ்வளவுதான், அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். எழுந்து போக அவனுக்கு வண்டி ஓட வேண்டுமே! உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாலாம் வளைவில் கன்னியம்மாள் வீடு. நாற்பது வயது, வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. அவள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு ஓடை. வெயில் காலத்தில் ஆடு தாண்டும். மழை பிடித்தால் ஆனையும் தாண்டாது. அவள் மகள் பிரியதர்ஷினி எட்டாவது படித்தபோது, அந்த ஓடையால் பன்னிரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"அவங்கப்பா சொல்லிட்டாரு தம்பி. ஒம்போதாவதுலயும் இப்டி நின்னு நின்னு போனா, படிச்சது போதும், மாப்ள பாத்துடலாம்னு. பதினாலு வயசு அதுக்கு. ஒரு சின்னப் பாலம், ரெண்டு கொழாய் பொதச்சு மேல சிமெண்டு போட்டாப் போதும். யார்கிட்ட சொல்றது?"

"மெம்பர்கிட்ட சொல்லலாமே அக்கா?"

"பிரகாஷா? ஜீப்ல ஏறி ஒக்காந்தா கண்ணு நேரா கண்ணாடியதான் பாக்கும். பக்கத்துல திரும்பாது."

சின்னராசு டூல்ஸ் பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருந்தான். எந்தத் தேதியில் எந்த பார்ட்ஸ் போட்டது என்று சத்தார் பாய் எழுதச் சொன்ன நோட்டு. அதன் பின்பக்கத்தைத் திருப்பி, கன்னியம்மாளின் சமாதானத்துக்காக, 'நாலாம் வளைவு, ஓடை, சின்னப் பாலம், பாப்பா படிப்பு' என்று எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் ஆறாம் வளைவில் செயின் கழன்றது. அங்கே மாதையன், கரெண்டு கம்பம் சாய்ந்து கிடக்கிற கதையைச் சொன்னார். அதையும் எழுதினான். அப்படியே நோட்டின் பின்பக்கம் நிரம்பி, முன்பக்கத்தோடு வந்து முட்டியது.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பிரகாஷை எதிர்த்து நிற்க யாரும் இல்லை. கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள். யாரை நிறுத்தினாலும், "அவன எனக்குத் தெரியாது" என்று ஏதாவது ஒரு வளைவு முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் மாதையன்தான், "தள்ளுவண்டிய ஏழு வளைவுக்கும் தெரியுமேய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, அட, ஆமாம் என்றார்கள். சின்னராசு பயந்துபோய் வேண்டாம் வேண்டாம் என்றான். தேவி உள்ளே இழுத்துக்கொண்டு போய், "மெம்பரானா எவனாச்சும் புது வண்டி கடனுக்குக் குடுப்பான் மாமா" என்றாள். நின்றான்.

சின்னம் ஸ்பேனர் கிடைத்தது. அதற்கு மேல் பிரசாரமே தேவைப்படவில்லை. வாக்குச் சேகரிக்கப் புறப்பட்ட அன்றைக்கே வண்டி மூன்று இடத்தில் நின்றது, மூன்று இடத்திலும் தண்ணீர் குடித்தான். பிரகாஷ் ஜீப்பில் மைக் கட்டி ஏழு வளைவையும் இருபது நிமிஷத்தில் சுற்றிவிட்டுப் போனான். ஓட்டை எண்ணிப் பார்த்தபோது, பிரகாஷுக்கு அவன் ஜீப்பில் உட்கார இடம் கிடைக்கிற அளவுக்குத்தான் ஆட்கள் தேறினார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை.

தேவி சொன்னது பலித்தது. ஒரே மாதத்தில் புது வண்டி வாசலில் நின்றது. கறுப்பு நிறம், பட்டனைத் தொட்டால் போதும், முனகாமல் கிளம்பும். முதல் நாள் ஓட்டிக்கொண்டு இறங்கியவன் ஏழு வளைவையும் சும்மா சாய்ந்து சாய்ந்தே திரும்பிவிட்டு, கீழே போய் நிறுத்தி, திரும்பி மலையை ஒருமுறை பார்த்தான். "இவ்ளோ சின்ன மலையா இது!" என்று அவன் வாயிலிருந்து வந்தது. பழைய வண்டி வீட்டுக்குப் பின்னால் போனது. அதன் சீட்டில் ஒரு கோழி அடைகாக்க உட்கார்ந்தது. டூல்ஸ் பெட்டியும், அதற்குள் நோட்டும், கோழிக்குக் கீழே.

மெம்பருக்கு எத்தனை வேலை! ஒடுகத்தூரில் ஒரு கூட்டம், ஒரு கல்யாணம், ஒரு திறப்பு விழா, ஒரு டீ. காலையில் இறங்குவான், சாயங்காலம் ஏறுவான். வழியில் கன்னியம்மாள் கையைக் காட்டுவாள். அவனும் கையைக் காட்டுவான். "அக்கா, நெனப்புல கீது, வர்றேன்!" என்று சத்தம் போடுவான். 'வர்றேன்' அவள் காதில் விழும்போது அவன் மூன்றாம் வளைவில் இருப்பான். பொய் சொன்னான் என்று சொல்ல மாட்டேன். நினைப்பில் இருந்ததுதான். நினைப்பும் வண்டி வேகத்துக்கு ஓடிவிட்டது.

ஆவணியில் முதல் பஞ்சர் ஆனது. நாலாம் வளைவு, கன்னியம்மாள் வீட்டு வாசல். அவள் சொம்போடு வந்தாள். "இன்னா ஆச்சு தம்பி?" என்றாள். அவன் உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், ஓடைக் கதையைக் கேட்டான், தலையாட்டினான், வண்டியை ஒடுகத்தூர் வரை உருட்டிக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்து ஆறாம் வளைவில் பஞ்சர். மாதையன் சொம்போடு வந்தார். பிறகு இரண்டாம் வளைவு, பிறகு ஏழாம் வளைவு. புது வண்டி, புது டயர், இரண்டு மாதத்தில் ஏழு பஞ்சர்! பிரகாஷ் ஜீப்பை நிறுத்தி, "மெம்பரே, மேல் பர்த்து காலியா கீது" என்றான். சின்னராசுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் நகம் இப்போதுதான் முளைத்திருந்தது, அதனால் உதைக்கவில்லை.

"கண்ணு பட்டுடுச்சி மாமா" என்று தேவி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வண்டியின் முன்னால் கட்டினாள். மறுநாளே பின்சக்கரம் பஞ்சர். பின்னாலும் ஒன்று கட்டினாள்.

எட்டாவது பஞ்சருக்குச் சத்தார் பாய் உடனே டயரைக் கழற்றவில்லை. "ஒக்காரு ராசு" என்று ஸ்டூலைத் தள்ளினார். டீ சொன்னார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கிரீஸ் டப்பாவை எடுத்து அவன் முன்னால் கவிழ்த்தார். ஏழு காரைமுள். ஒவ்வொன்றும் விரல் நீளம். ஒவ்வொன்றின் அடியிலும் ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு துண்டு, முள் சாயாமல் நிமிர்ந்து நிற்பதற்காக.

"ரோட்டுல கெடக்கிற முள்ளு செருப்பு போட்டுக்கினு நிக்குமாபா?" என்றார் பாய்.

சின்னராசு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நீலச் செருப்பு இரண்டு, பச்சை மூன்று, சிவப்பு இரண்டு. "இது எப்போலேந்து தெரியும் பாய் உங்களுக்கு?"

"மொத முள்ளுல ஒண்ணும் தோணல. ரெண்டாவதுல தோணுச்சி. மூணாவதுல சிரிப்பு வந்துட்ச்சி."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பஞ்சர் நின்னுடும். பழைய வண்டியும் போச்சு, இதுவும் போச்சுன்னா எம்பொழப்பு இன்னா ஆவறது?" என்று பாய் டீயை ஆற்றினார்.

சின்னராசுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது பிரகாஷ் வேலைதான், சந்தேகமே இல்லை. தோற்றவன் வேறென்ன செய்வான்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிக்கொண்டு கிளம்பியவன் நாலாம் வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, புதர் ஓரமாக நடந்து போனான்.

கன்னியம்மாள் வீட்டு வாசலில் புங்கமர நிழல். நிழலில் முக்காலி போட்டிருந்தது. முக்காலி மேல் ஒரு சொம்பு தண்ணீர், தூசி விழாமல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. வழியில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. ரோட்டின் உள்வளைவில், அவன் எப்போதும் சாய்ந்து திரும்புகிற அதே இடத்தில், கன்னியம்மாள் குனிந்து, கோலப்புள்ளி வைக்கிறவள்போல, ஒவ்வொரு முள்ளாக நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நீலச் செருப்பு.

"அக்கா!"

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கூச்சம் என்று ஒன்றும் இல்லை. "சீக்கிரமா வந்துட்டியே தம்பி. புது வண்டில சத்தமே வர மாட்டேங்குது, அதான் பெரிய தொல்ல."

"நீயா? நீங்களாக்கா இத்தினி நாளும்?"

"நான் மட்டும் எங்க? முறை போட்டுக்கினோம். செவ்வாக்கெழம நானு. வியாழன் மாதையன் வூடு. வெள்ளிக்கெழம யாரும் வெக்கறதில்ல, நல்ல நாளு பாரு. ஜீப்பு போனப்புறம்தான் வெப்போம், நீ போனதும் பொறுக்கிடுவோம். ஊரார் வண்டிக்கு ஒரு சேதம் வரக் கூடாது."

பஞ்சாயத்தில் இத்தனை ஒழுங்காக ஒரு வேலை நடந்து சின்னராசு பார்த்ததில்லை.

"நான் மெம்பரு அக்கா! மெம்பர் வண்டிக்கு முள்ளு வெப்பீங்களா?" என்று கத்தினான்.

கன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மெம்பராவறதுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு தபா வந்து, இந்த முக்காலில குந்தி, நான் சொன்னத நோட்டுல எழுதிக்கினு போன. மெம்பரானப்புறம் கைய ஆட்டிக்கினு போற. பஞ்சரானா வந்து குந்தற. எங்களுக்கு வேற வழி இன்னா கீது, நீயே சொல்லு." குரல் அதுவரை சண்டைக் குரல்தான். அதற்கப்புறம் இறங்கிவிட்டது. "நேத்து பாப்பா பாதி வழில திரும்பி வந்துட்டா தம்பி. ஓடையில இடுப்பளவு தண்ணி. பரீட்சை இன்னும் பத்து நாளு. அவங்கப்பா ராத்திரி அவரு அக்கா மவனுக்கு போன் போட்டுப் பேசறாரு. எனக்குச் சோறு எறங்கல."

அவனுக்கு வெட்கமாக இருந்தது, கால் வரைக்கும் வெட்கமாக இருந்தது. முக்காலியில் போய் உட்கார்ந்து தட்டைத் தள்ளித் தண்ணீரைக் குடித்தான். "நோட்டுல எழுதிக்கினேன் அக்கா" என்றான்.

"அந்த நோட்டு எங்க தம்பி?"

கோழிக்குக் கீழே என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் பின்னால் போய்க் கோழியைத் தூக்கி ஓரமாக விட்டான். அது அவனைக் கொத்தியது. நியாயம்தான். டூல்ஸ் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தான். பழைய வண்டியை வாசலுக்கு உருட்டியதைப் பார்த்து தேவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் இன்னாத்துக்கு மாமா இந்தச் சனியன்? ஆபீசுக்குப் போறேன்னு சொன்ன, வழியிலயே நின்னுடும்!"

"நின்னுடும்ல? அதுக்குத்தான் எடுத்துக்கினு போறேன்."

அவன் கணக்கு இதுதான். கீழே ஒடுகத்தூரையும் தாண்டி இருக்கும் ஒன்றிய அலுவலகத்தில் பாலம் போடச் சொல்கிற அதிகாரி நல்லவர்தான், ஆனால் அவரைப் பிடிக்க முடியாது. உள்ளே இருந்தால் மீட்டிங், வெளியே வந்தால் ஜீப். மெம்பர்கள் கும்பிடுவார்கள், அவரும் கும்பிட்டுக்கொண்டே போய்விடுவார். சின்னராசுவும் அப்படி மூன்று தடவை கும்பிட்டிருக்கிறான். அவரை நிற்க வைக்க வேண்டும். நிற்க வைப்பதற்கு இந்த வண்டியைவிட்டால் ஆள் ஏது?

அன்றைக்குத்தான் அந்த வண்டி தன் குணத்தைக் காட்டியது. ஆறு மாதம் கோழி உட்கார்ந்த வண்டி, ஒரே உதையில் கிளம்பியது. வளைவுகளில் இழுத்துத் தள்ளியது என்னவோ பழையபடிதான், ஆனால் செயின் கழலவில்லை, ஒயர் அறவில்லை, சைலன்சர் அதனிடத்தில் இருந்தது. சத்தார் பாய் கடை வாசலில் நின்றவர், அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து, "யா அல்லா!" என்று நெஞ்சில் கை வைத்தார். சின்னராசுவோ, "இன்னிக்கா ஓடுவ? ஏன் கழுத்தறுக்கற?" என்று வண்டியிடம் கெஞ்சினான். அது கேட்கவில்லை.

அலுவலக கேட் ஒரு ஜீப் போகிற அகலம். உள்ளே அதிகாரியின் ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது. சின்னராசு வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே விட்டான். நீண்ட ஃபோர்க் போய்க் கேட் தூணுக்கும் சுவருக்கும் நடுவே பொருந்தி உட்கார்ந்தது. இன்ஜின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினான். சாவிக்கும் இன்ஜினுக்கும் உறவு விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. வேறு வழியில்லாமல் பிளக் ஒயரைப் பிடுங்கினான். தோள்பட்டை வரை சுளீரென்று ஒரு ஷாக் அடித்தது. வண்டி நின்றது. பிளக்கைக் கழற்றி, சுட்ட விரலை ஊதிக்கொண்டே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல் கிக்கரை உதைக்க ஆரம்பித்தான்.

வாட்ச்மேன் வந்து தள்ளினார். டிரைவர் வந்து இழுத்தார். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வந்து தூக்கிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது வேறொரு பக்கம் போனது. அந்த வண்டியைத் தள்ளத் தெரிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "என்னப்பா ஆச்சு?" என்றார்.

எத்தனை வாசலில், எத்தனை பேர் கேட்ட கேள்வி அது! சின்னராசு நோட்டைக் கையில் எடுத்தான். "மெக்கானிக் வரணும் சார், ஒடுகத்தூர்லேந்து. ஒரு மணி நேரம் ஆவும்" என்றான். பிறகு நோட்டைப் பின்பக்கம் திருப்பி முதல் பக்கத்தைப் பிரித்தான். அதில் கோழி எச்சம் கொஞ்சம் இருந்தது. "அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன் சார். நாலாம் வளைவுல ஒரு ஓடை..."

முதலில் அதிகாரி நின்றுகொண்டே கேட்டார். பிறகு யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பிறகு யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினாலு வயது என்றபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஒன்பதாவதா என்று இரண்டு தடவை கேட்டார். சத்தார் பாய் வந்து சேர்ந்தபோது ஆறாம் வளைவுக் கரெண்டு கம்பம் வரை பேச்சு போயிருந்தது. பாய் வண்டியைக் குனிந்து பார்த்தார், பிளக் இருக்க வேண்டிய ஓட்டையைப் பார்த்தார், சின்னராசுவின் சட்டைப்பை கறுத்திருப்பதைப் பார்த்தார். "பெரிய ரிப்பேர் சார். இன்னும் அர மணி நேரம் புடிக்கும்" என்று ரோட்டிலேயே சாவகாசமாக உட்கார்ந்து ஸ்பேனர்களைப் பரப்பினார்.

அடுத்த வாரம் நாலாம் வளைவு ஓடையில் சுண்ணாம்புத் தூள் கொட்டி அளவு எடுத்தார்கள். குழாய் இரண்டு வந்து இறங்கியிருக்கிறது. பாலம் முடிகிற வரை பிரியதர்ஷினியைப் புது வண்டியில் ஏற்றி, நடந்து போக முடியாத தூரம் மேல்பக்கமாகச் சுற்றிப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டியது மெம்பர் வேலை. முறைப் பட்டியலில் கன்னியம்மாள் அதையும் சேர்த்துவிட்டாள். பரீட்சைக்கு ஒருநாள்கூடப் பிரியதர்ஷினி போகாமல் இருக்கவில்லை. அவள் அப்பா அக்கா மகனுக்கு மறுபடி போன் போடவில்லை, போட்டால் கன்னியம்மாள் சோறு போடமாட்டாள் என்று தெரியும்.

இப்போது சின்னராசு ஒவ்வொரு வளைவிலும் தானாகவே வண்டியை நிறுத்தி, உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறான். பஞ்சர் கிடையாது. முள்ளையெல்லாம் எறிந்துவிட்டாயா அக்கா என்று ஒருநாள் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டான். கன்னியம்மாள் கூரையைப் பார்த்தாள். இறவாரத்தில், நீலச் செருப்போடு, பத்துப் பன்னிரண்டு முள் வரிசையாகச் செருகியிருந்தது.

"பாலம் முடியட்டும் தம்பி" என்றாள்.